வாயைக் கழுவு!

‘தீராத வயிற்று வலி’ என்று ஒரு வியாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. மருத்துவப் புத்தகத்தில் தேடாதீர்கள், செய்தித்தாளில் தேடுங்கள். உள்பக்கத்தில், ஒற்றைப் பத்தியில், நாலே வரியில் இருக்கும். இன்ன ஊர், இன்னாருடைய மனைவி, வயது இவ்வளவு, தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தார், மனமுடைந்து காணப்பட்டார், போலீசார் விசாரணை. முடிந்தது. அல்சருக்கு மாத்திரையும் குடல்வாலுக்கு ஆபரேஷனும் கிடைக்கிற மாநிலத்தில், வயிற்று வலிக்காக இத்தனை பேர் எப்படிச் சாகிறார்கள் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

நிஜமாகவே வலியில் துடித்தவர்களும் அதில் இருப்பார்கள். ஆனால் ஸ்டேஷனில் சொல்வதற்கு அது ரொம்ப வசதியான காரணம். கடன், குடி, மாமியார், சந்தேகப் புருஷன் என்று வேறு எதைச் சொன்னாலும் யாராவது ஒருவர் பக்கம் கை நீளும். வயிறு மட்டும்தான் எதிர்த்துப் பேசாது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ம் வருடம் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். நாளொன்றுக்கு 54 பேர். ஒரு பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து 54 பேர் இறந்தால் என்ன நடக்கும்? அமைச்சர்கள் ஓடுவார்கள், நிவாரணம் அறிவிப்பார்கள், டி.வி.க்காரர்கள் அந்த வளைவிலேயே கூடாரம் போடுவார்கள். இங்கே தினம் ஒரு பஸ் கவிழ்கிறது. நாம் பக்கத்தைப் புரட்டிவிட்டு சினிமா செய்திக்குப் போகிறோம்.

இதைப் பற்றி யாரிடம் பேசினாலும் உடனே ஒரு தீர்ப்பு வரும். “எல்லாருக்கும் கவுன்சலிங் கொடுக்கணும் சார். டாக்டர்களை நியமிக்கணும்.”

நான் பி.காம். எனக்கு மனோதத்துவம் தெரியாது. கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரியும். போட்டுப் பார்ப்போமா? நம் நாட்டில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு முழு டாக்டர்கூட இல்லை, முக்கால் டாக்டர். 140 கோடிக்குச் சுமார் 10,500 பேர். ஒரு தற்கொலைச் சாவுக்குப் பின்னால் 20-க்கும் மேற்பட்ட முயற்சிகள் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,70,924-ஐ இருபதால் பெருக்குங்கள். 34 லட்சம். டாக்டர் ஒருவருக்கு 325 பேர். இது முயற்சி செய்து பிழைத்தவர்கள் கணக்கு மட்டும்தான். அவரிடம் ஏற்கெனவே வருகிற நோயாளிகள் தனி. அந்த டாக்டர்களும் பெரும்பாலும் நகரத்தில் இருக்கிறார்கள். உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சித்தாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மூன்று பஸ் மாறி வந்து, டோக்கன் வாங்கி உட்கார்ந்து, ‘டாக்டர், எனக்கு வாழப் பிடிக்கவில்லை’ என்று சொல்லப்போகிறாளா?

சொல்ல மாட்டாள். ஆனால் யாரிடமும் சொல்லாமலா இருப்பாள்? அதுதான் விஷயம். தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அதை முன்கூட்டியே வாயாலோ நடத்தையாலோ தெரியப்படுத்துகிறார்கள் என்று உலகம் முழுக்க ஆய்வுகள் சொல்கின்றன. முதலில் தெரிவது டாக்டருக்கு அல்ல. கூட வேலை செய்கிறவளுக்கு, பெரியம்மாவுக்கு, குழுக்கடன் தலைவிக்கு, ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு, டீக்கடைக்காரருக்கு. “பேசாம போய்ச் சேர்ந்துடலாம் போல இருக்குக்கா” என்று ஒருத்தி சொல்கிறாள் என்று வையுங்கள். நம் ஊரில் என்ன பதில் கிடைக்கும்?

“வாயைக் கழுவுடி! விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?”

அவ்வளவுதான். கதவு சாத்தப்பட்டுவிட்டது. சாத்தியவள் கெட்டவள் இல்லை. பாசத்தில்தான் சாத்தினாள். அபசகுனம் பேசினால் மேலே போகிற தேவதை ‘அப்படியே ஆகட்டும்’ என்று சொல்லிவிடும் என்று நாலு தலைமுறையாக நம்பி வருகிறோம். படித்தவர்களிடம் இதே நம்பிக்கை பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு உலாவுகிறது. ‘அதைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடும்.’ ஆகாது. ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த எண்ணம் வருவதில்லை. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஒரு நிம்மதிதான் வருகிறது. பல வருட ஆய்வுகளில் நிலைத்து நிற்கிற முடிவு இது.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். டாக்டர்களை நியமியுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் முதலில் காதில் விழுகிற ஆளுக்குப் பயிற்சி கொடுங்கள். நல்லெண்ணப் பிரச்சாரமாக அல்ல, சட்டப்படி, கட்டாயமாக.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. 1953-ல் லண்டனில் சாட் வாரா என்று ஒரு பாதிரியார், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் தன்னைக் கூப்பிடலாம் என்று ஒரு போன் நம்பரை அறிவித்தார. கூட்டம் சேர்ந்தது. பாதிரியார் உள்ளே ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, வெளியே காத்திருப்பவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தொண்டர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் பாதிரியார் ஒன்றைக் கவனித்தார். டீ கொடுத்தவர்களிடம் பேசிவிட்டுப் பல பேர் இவரைப் பார்க்காமலேயே கிளம்பிப் போகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது! 1954-ல் அந்தப் பொறுப்பைத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். தன் தொழில்திறமையை விட அடுத்த அறையின் டீ பெரிது என்று ஒப்புக்கொள்ள ஒரு மனசு வேண்டும். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. நம் சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகாவும் தொண்டர்களை வைத்துத்தான் நடக்கிறது. அவர் மனநல மருத்துவர். ஆனால் போனை எடுப்பவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள்.

‘பயிற்சி’ என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது எனக்குத் தெரியும். ஆடிட்டோரியம், குத்துவிளக்கு, பொன்னாடை, கோட் போட்ட ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர். எடிசன் எத்தனை தடவை தோற்று பல்பைக் கண்டுபிடித்தார் என்று இரண்டு மணி நேரம். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டி, ‘என்னால் முடியும்’ என்று மூன்று தடவை கத்தி, குரூப் போட்டோ. அந்தப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்கும் பையன் நாலு நாளாகத் தூங்கவில்லை என்பது அந்த ஹாலில் யாருக்கும் தெரியாது. இதற்குப் பெயர் விழிப்புணர்வு முகாமாம்.

நிஜமான பயிற்சி வேறு மாதிரி இருக்கும். தொண்டர்களுக்கான அப்படி ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். இருவர் இருவராக உட்கார வைத்தார்கள். ஒருவர் தன் நிஜமான கவலை ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் ஐந்து நிமிடம் அட்வைஸ் செய்யாமல் கேட்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. ஒரு இல்லத்தரசி, கல்யாணமாகிப் போன மகள் போன் பண்ணுவதே இல்லை என்று ஆரம்பித்தார். எதிரில் ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். நாற்பது செகண்ட் தாங்கவில்லை. “இதெல்லாம் ஒரு பிரச்சினையாம்மா? உலகத்துல எவ்வளவு பேர் சோத்துக்கே இல்லாம...”

பயிற்சி கொடுத்த அம்மா வந்து நின்றார். “சார், நீங்க இப்ப என்ன செஞ்சீங்க?”

“ஆறுதல் சொன்னேன்மா.”

“அவங்க பேச்சை நிறுத்திட்டாங்க, பாத்தீங்களா?”

ஹெட்மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் ஹேண்ட்பேக் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அந்த ஹாலில் இருந்த இருபது சொச்சம் பேரில் ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்கள் நாலு பேர். ‘எல்லாம் சரியாயிடும்’, ‘கடவுள்மேல பாரத்தைப் போடு’, ‘உன் குழந்தைங்களை நெனச்சுப் பாரு’, ‘கோழைதான் இப்படி யோசிப்பான்’ என்று மற்றவர்கள் எல்லாம் ஒரே பாடத்தைப் படித்தவர்கள் மாதிரி ஒப்பித்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் முக்கால்வாசிப் பேர் தேறிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் உள்பட. இது கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை. ரயில்வே டைம்டேபிள் பார்க்கக் கற்றுக்கொள்வதை விடக் கொஞ்சம் கஷ்டம், டூ வீலர் ஓட்டுவதை விட சுலபம்.

வகுப்பில் சொல்லித்தருவதும் பெரிய ரகசியம் இல்லை. நேராகக் கேள். குறுக்கே பேசாமல் கேள். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்து கொடுக்காதே. ஆபத்து இன்றைக்கே என்று தெரிந்தால் தனியாக விடாதே, ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் பார்த்துக்கொள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. அப்புறம், அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று விசாரி.

இந்தக் கடைசி விஷயத்தை யாரும் மதிப்பதில்லை. மதிக்க வேண்டிய ஒரு கணக்கு சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தி, முடிவை 2008-ல் வெளியிட்டது. ஐந்து இடங்களில் நம் சென்னையும் ஒன்று, கொழும்பும் ஒன்று. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்து பிழைத்த 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு கூட ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச்சு, பிறகு ஒன்பது முறை விசாரிப்பு, நேரிலோ போனிலோ. முதல் வாரம், இரண்டாம் வாரம், நாலாம், ஏழாம், பதினோராம் வாரம். அப்புறம் 4, 6, 12, 18-ம் மாதங்களில் ஒவ்வொரு தடவை. ஒன்றரை வருட முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

ஒன்பது விசாரிப்பு! நம் கிரெடிட் கார்டு கம்பெனிக்காரன் ஒரே வாரத்தில் இதைவிட அதிகம் கூப்பிடுகிறான்.

அந்த ஆய்வில் விசாரித்தவர்கள் மருத்துவத் துறை அனுபவம் உள்ளவர்கள் என்று நீங்கள் மடக்கலாம். சரி, இன்னொன்று. தமிழ்நாட்டில் இலங்கை அகதிகள் முகாம்களில் நடந்த ஆய்வு, 2017-ல் வெளியானது. அங்கே அந்தச் சமூகத்திலிருந்தே தொண்டர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அடிக்கடி போய்ப் பார்ப்பது, மனசு தடுமாறும்போது என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று ஒரு திட்டத்தை அவர்களோடு உட்கார்ந்து போட்டுக் கொடுப்பது, அவ்வளவுதான் வேலை. முயற்சிகளும் சாவுகளும் அந்த முகாமில் குறைந்தன. நாடு போய், வீடு போய், ஒண்ட வந்த இடத்தில் வாழ்கிறவர்களால் முடிந்தது, மாம்பலத்திலும் மதுரையிலும் முடியாதா?

சில டாக்டர்களுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. ‘அரைகுறைகள் கையில் உயிரை விளையாட விடாதீர்கள்’ என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் இன்றைக்கு அந்த உயிர் யார் கையில் இருக்கிறது? அரைகூட இல்லாத, முழுசாகப் பயிற்சியே இல்லாதவர்கள் கையில். வேப்பிலை அடிப்பவரும், ‘ரெண்டு போட்டா சரியாயிடும்’ என்கிற மாமாவும் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்? காலில் கட்டுப்போடத் தெரிந்த கண்டக்டர் ஆபரேஷன் பண்ணுவேன் என்று கத்தியைத் தூக்குவதில்லையே.

இன்னொரு கோஷ்டி உண்டு. ‘அந்தக் காலத்துல கூட்டுக் குடும்பம், திண்ணை, பாட்டி. இதெல்லாம் தேவையே இல்ல சார்.’ இவர்களுக்கு அதே குற்ற ஆவணக் காப்பகத்தின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறேன். 2022-ல் தற்கொலைக்கான காரணங்களில் முதலிடம், 31.7 சதவீதம், ‘குடும்பப் பிரச்சினை’. இறந்த பெண்களில் பாதிக்கு மேல் இல்லத்தரசிகள். எந்தப் பாட்டி எந்தத் திண்ணையில் உட்கார்ந்து எந்த மருமகளின் கதையைக் கேட்டாள்? பல வீடுகளில் பாட்டிதான் கதையே.

பேச்சு நடக்கிற இடம் ஒன்று, சாவு நடக்கிற இடம் ஒன்று. பரீட்சை ரிசல்ட் வந்தால் நாம் எல்லோரும் பதறுகிறோம். பதற வேண்டியதுதான். 2022-ல் 13,044 மாணவர்களை இழந்திருக்கிறோம். ஆனால் இறந்தவர்களில் 26.4 சதவீதம், அதாவது நாலில் ஒருவருக்கு மேல், தினக்கூலிகள். அவர்களுக்காக எந்த ஆடிட்டோரியத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள்?

பி.காமில் தொழிற்சட்டம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம், 45-வது பிரிவு. 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி. அதன் பொறுப்பில் முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒரு நபர். வேலை நேரம் முழுக்க அவர் அங்கேயே இருக்க வேண்டும். அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் சுதந்திரம் வந்த மறுவருடமே, சோத்துக்கு லாட்டரி அடித்த ஒரு தேசம், ‘கூட வேலை பார்ப்பவனுக்கு அடிபட்டால் டாக்டர் வரும்வரை பார்த்துக்கொள்ள ஒருத்தன் பழகியிருக்க வேண்டும்’ என்று சட்டம் போட்டது. கண்டக்டர் லைசென்ஸுக்கு முதலுதவிச் சான்றிதழ் கேட்பதும் அதே புத்திதான். மனசில் அடிபட்டால் மட்டும் அந்தப் புத்தி எங்கே போகிறது?

சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலையைத் தடுக்கும் திட்டங்களை அரசு வகுக்க வேண்டும் என்கிறது. போலீஸ் உள்ளிட்ட அரசு அதிகாரிகளுக்கு அவ்வப்போது பயிற்சி தரச் சொல்கிறது. முயற்சி செய்து பிழைத்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. பழைய 309-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல் இந்திய தண்டனைச் சட்டத்தோடு சேர்ந்தே மறைந்தது. அரசு ஊழியரைப் பணியவைக்க அப்படிச் செய்தால் மட்டும் புதுச் சட்டத்தில் குற்றம். ஆனாலும் இன்னமும் ‘கேஸ் ஆயிடும்’ என்று பயந்து ஆஸ்பத்திரியில் பொய் சொல்கிற குடும்பங்கள் எத்தனை? 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டத்தையும் வெளியிட்டது. 2030-க்குள் பத்து சதவீதம் குறைக்க வேண்டுமாம். அதில் நான் சொல்கிற இந்த ஆட்களுக்கு ‘கேட்கீப்பர்’ என்று பெயர். தமிழில் யாராவது இதை ‘வாயிற்காப்போன்’ என்று மொழிபெயர்ப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், ‘காது கொடுப்பவர்’ போதும்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. விசாகப்பட்டினத்தில் இறந்துபோன ஒரு நீட் மாணவியின் வழக்கில் கல்வி நிறுவனங்களுக்கு 15 கட்டளைகள் போட்டது. நூறு மாணவர்களுக்கு மேல் இருந்தால் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அது ஒரு போஸ்ட், ஒரு போர்டு, ஒரு ரூம். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. ஆசிரியர்கள், ஆசிரியர் அல்லாத ஊழியர்கள் எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது மனநல முதலுதவிப் பயிற்சி. ஆசிரியர் அல்லாதவர் என்றால் ஹாஸ்டல் வார்டன், மெஸ் மாஸ்டர், பஸ் டிரைவர், வாட்ச்மேன், ஆயா. ராத்திரி பதினொரு மணிக்கு ஆலோசகர் அறை பூட்டியிருக்கும். மொட்டை மாடிப் படியில் தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்க்கப் போவது வாட்ச்மேன்தான். அவர் “ஏம்மா, இங்க என்ன வேலை? ரூமுக்குப் போ” என்று சொல்வதும், இரண்டு படி தள்ளி உட்கார்ந்து “என்னம்மா ஆச்சு?” என்று கேட்பதும் ஒன்றா?

இதைக் கல்லூரியோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, மகளிர் குழுவைச் சேர்ந்த பெண்கள் பி.பி., சுகர் பார்க்க வீட்டு வாசலுக்கே போனார்கள். கல்லூரியில் படித்த டாக்டர்களா அவர்கள்? பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்துப் பெண்கள். வாசலில் உட்கார்ந்து கையில் பட்டை கட்டுகிற அந்த அக்காவுக்கு, ‘ராத்திரி தூங்குறியா? வாழ்றதே வேணாம்னு தோணுதா?’ என்ற இரண்டு கேள்வியைக் கேட்கவும், கேட்டால் அடுத்து என்ன செய்வது என்றும் சொல்லித்தர எத்தனை நாள் ஆகும்? பி.பி. மெஷினாவது வாங்க வேண்டும். இதற்கு வாங்க வேண்டிய சாமான் எதுவும் இல்லை.

அடுத்து வங்கிக்காரர்கள். கடன் வசூல் ஏஜென்ட் ஆவதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது, தெரியுமா? ரிசர்வ் வங்கி 2008-ல் கட்டாயமாக்கியது. பட்டதாரி இல்லையென்றால் நூறு மணி நேரம், பரீட்சை, சான்றிதழ் எல்லாம் உண்டு. பணத்தைத் திரும்ப வாங்க நூறு மணி நேரம்! எதிரில் நிற்கும் மனிதன் முகம் செத்துக்கிடப்பதைக் கவனிக்க அதில் நாலு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா? மனிதாபிமானத்துக்காக வேண்டாம், கணக்குக்காகவே ஒதுக்கட்டும். இறந்தவர் தவணை கட்டுவதில்லை.

கேட்டுக்கொண்டால் கடன் அடைந்துவிடுமா, டாஸ்மாக் மூடிவிடுமா என்று இடதுசாரி நண்பர் ஒருவர் சண்டைக்கு வருகிறார். அடையாது, மூடாது. அதற்குத் தனிச் சண்டை போட வேண்டும். ஆனால் கேட்கிறவர்களுக்குத்தான் எந்தச் சண்டை அவசரம் என்று தெரிகிறது. பரீட்சையில் ஃபெயிலானால் வருடம் முழுக்கக் காத்திருக்க வேண்டிய நிலை இங்கே இருந்தது. ஒரே மாதத்தில் மறுதேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு 2000-களின் தொடக்கத்தில் வந்தது. ரிசல்ட் சமயத்துச் சாவுகள் அதன்பிறகு குறைந்தன. ரிசல்ட் இரவுகளில் அழுகிற பிள்ளைகளின் குரலை போனில் கேட்டவர்களுக்கு அதன் அவசரம் மற்றவர்களை விட முன்னாலேயே புரிந்திருந்தது. ஃபைலை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தேர்ச்சி விகிதம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற யாருக்காவது இந்த நிமிடம் அந்த எண்ணம் இருந்தால், 104, அல்லது 14416, அல்லது சென்னை சினேகாவின் 044-24640050. பக்கத்தில் ஒருவர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். வாயைக் கழுவச் சொன்னால் அடுத்தவரிடம் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பிள்ளை படிக்கிற கல்லூரிக்கு இந்த வாரம் ஒரு கடிதம் எழுதுங்கள். கடந்த ஆறு மாதத்தில் மனநல முதலுதவிப் பயிற்சி பெற்ற ஊழியர்களின் பட்டியலைக் கேளுங்கள். ஆலோசகர் பெயர் வேண்டாம், அது வெப்சைட்டிலேயே இருக்கும். பட்டியலில் வார்டன் இருக்கிறாரா, வாட்ச்மேன் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரியிலிருந்து என்ன பதில் வருகிறது என்று இதே பக்கத்தில் போடுகிறேன்.